புத்தகக் கணக்கெல்லாம் வருகிறது, கட்டாய வினா மட்டும் வரவில்லை: எப்படிப் பயிற்சி செய்வது?

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு, தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டம், தமிழ் வழி. கணக்குப் புத்தகத்தை இரண்டு முறை முடித்துவிட்டான். காலாண்டுத் தேர்வில் 84. எடுத்துக்காட்டு, பயிற்சி எதைக் கேட்டாலும் போட்டுவிடுகிறான். ஆனால் 28-ஆவது, 42-ஆவது கட்டாய வினாக்களைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறான். கடினமான கணக்குகளை எப்படிப் பயிற்சி செய்வது? இதற்கென்று தனியாக கைடு வாங்க வேண்டுமா? எனக்குக் கணக்கு அவ்வளவாக வராது, நான் எப்படி உதவ முடியும்?

பதில்:

முதலில் அந்த 84-ஐப் பார்த்துவிடுவோம். தாள் மொத்தம் 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டு மதிப்பெண்ணில் 14 கொடுத்து 10 எழுதச் சொல்வார்கள், அதில் 28-ஆவது கட்டாயம். ஐந்து மதிப்பெண்ணிலும் 14-க்கு 10, அதில் 42-ஆவது கட்டாயம். கடைசியில் எட்டு மதிப்பெண் வினா இரண்டு, செய்முறை வடிவியலும் வரைபடமும். இரண்டுக்கும் 'அல்லது' உண்டு. கூட்டிப் பார்த்தால் கட்டாய வினா இரண்டும் சேர்ந்து 7 மதிப்பெண்தான். உங்கள் மகன் விட்டது 16. அந்த 7 போக மீதி 9 எங்கே போனது?

காலாண்டு விடைத்தாளை வாங்கி, சிவப்பு மை பட்ட இடங்களை அவனையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுதாதது, கன அளவுக்குச் சதுர அலகு போட்டது, கழித்தல் குறியை அடுத்த வரிக்குக் கொண்டுபோக மறந்தது என்று சில்லறையாக வரும். கடினக் கணக்குப் பயிற்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதைத் தனியாக, கவனத்தோடு எழுதிப் பழகித்தான் சரிசெய்ய வேண்டும். செண்டம் என்று கனவு காணும் பிள்ளைகளில் பலர் கட்டாய வினாவை நினைத்தே கவலைப்பட்டுக்கொண்டு இந்தச் சில்லறையைக் கண்டுகொள்வதில்லை.

அந்த 7 மதிப்பெண்ணுக்காக மெனக்கெட வேண்டுமா என்றால், வேண்டும் என்றுதான் சொல்வேன். அதற்குக் காரணம் மதிப்பெண் இல்லை. பதினொன்றாம் வகுப்பில் கணிதம் எடுக்கப்போகிறான் என்றால் அங்கே பார்த்துப் பழகிய மாதிரியே எல்லாக் கணக்கும் வராது. புதுக் கணக்கை எதிர்கொள்ளும் பழக்கம் பத்தாம் வகுப்பிலேயே வந்துவிட்டால் ஜூன் மாதம் திணற மாட்டான்.

இனி விஷயத்துக்கு வருவோம். புத்தகத்தை இரண்டு முறை முடித்த பிள்ளை ஏன் 42-ஆவது வினாவில் நிற்கிறான்? சூத்திரம் தெரியாமல் இல்லை. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. இது அவன் தப்பில்லை, நாம் பயிற்சி கொடுக்கும் முறையில் இருக்கும் ஓட்டை. பயிற்சி 2.6-ஐத் திறந்து உட்காரும்போதே இது கூட்டுத் தொடரின் கூடுதல் என்று அவனுக்குத் தெரியும். முதல் உறுப்பு, பொது வித்தியாசம், உறுப்புகளின் எண்ணிக்கை, சூத்திரத்தில் போடு, முடிந்தது. எந்த வழி என்று தீர்மானிக்கும் வேலையைப் பயிற்சியின் தலைப்பே செய்து கொடுத்துவிட்டது. தேர்வில் அந்தத் தலைப்பு இருக்காது. கடினமான கணக்கில் பாதிக் கடினம் முதல் வரியில்தான் இருக்கிறது. நாம் பயிற்சி கொடுக்காமல் விட்டதும் அந்த முதல் வரிக்குத்தான்.

ஆகவே என் யோசனையின் மையம் இதுதான்: கணக்கை முடிக்கும் பயிற்சி அவனுக்குப் போதுமான அளவு ஆகிவிட்டது. தொடங்கும் பயிற்சி கொடுங்கள்.

அதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. புத்தகத்தில் எட்டு அலகுகள்: உறவுகளும் சார்புகளும், எண்களும் தொடர்வரிசைகளும், இயற்கணிதம், வடிவியல், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல், அளவியல், புள்ளியியலும் நிகழ்தகவும். ஒவ்வோர் அலகின் கடைசியிலும் 'அலகுப் பயிற்சி' என்று கொஞ்சம் கணக்குகள் இருக்கும். ஒரு மதிப்பெண் வினாக்களை முடித்ததும் அடுத்த அலகுக்குத் தாவிவிடும் வழக்கத்தால் நிறையப் பிள்ளைகள் இந்தப் பக்கங்களைத் தொடுவதே இல்லை. கைடு வாங்கும் முன் இதை முடிக்கட்டும். கூடவே பாடத்தின் நடுவில் பெட்டி போட்டு வரும் 'சிந்தனைக் களம்' கேள்விகளையும் பார்க்கட்டும். வாத்தியார்கள் அவசரத்தில் தாண்டிப் போகும் இடம் அது, ஆனால் நல்ல இரண்டு மதிப்பெண் கேள்விகளுக்கான விதை அங்கேதான் கிடக்கும்.

எட்டு அலகுப் பயிற்சிகளின் கணக்கு எண்களையும் சின்னச் சின்னச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். தினம் மூன்று சீட்டு எடுக்கட்டும். எந்த அலகு வரும் என்று தெரியாது. கேள்வியை நோட்டில் நீங்களோ அவன் தம்பி தங்கையோ எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது, பக்கத்தின் தலைப்பு கண்ணில் படாது. முதல் இரண்டு வாரம் முழுக் கணக்கும் போட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் நான்கு விஷயம் மட்டும் எழுதட்டும்: என்ன தந்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், ஒரு படம், அப்புறம் முதல் சமன்பாடு. அவ்வளவுதான், மூடி வைத்துவிடலாம். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யும்போது பிள்ளைகள் முதலில் எரிச்சலடைவார்கள், 'முழுசாப் போட்டுடறேனே' என்பார்கள். விடாதீர்கள். இரண்டு வாரம் கழித்து முழுதாகப் போடச் சொல்லுங்கள்.

படம் என்று சொன்னேன் அல்லவா, அதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஒரு கணக்கு: நாற்கரத்தின் முனைகள் (0, 0), (4, 4), (4, 0), (0, 4) எனில் பரப்பு என்ன? சூத்திரம் மனப்பாடமாகத் தெரிந்த பிள்ளை கொடுத்த வரிசையிலேயே எண்களைப் போடுவான். விடை பூச்சியம் வரும். 'நான்கும் ஒரே கோட்டில் இருக்கின்றன' என்று முடிவும் எழுதி வைப்பான். வரைபடத்தாளில் நான்கு புள்ளியைக் குறித்தால் பக்கம் 4 அலகு உள்ள சதுரம் கண்ணெதிரே நிற்கும், பரப்பு 16. முனைகளைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வரிசைப்படுத்தி எடுக்க வேண்டும் என்று புத்தகம் சொல்வது இதற்குத்தான். கொடுத்த வரிசையில் கோடு போட்டால் இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டிக்கொண்டு வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு உருவம் வரும். ஒரு பக்கத்து இறக்கையின் பரப்பு கூட்டலாகவும் மறுபக்கத்து இறக்கை கழித்தலாகவும் வந்து அடிபட்டுப் போகிறது. இதை ஒரு தடவை தானே வரைந்து பார்த்தவன் அதற்கப்புறம் ஆயத்தொலை வடிவியலில் படம் இல்லாமல் கணக்குத் தொடங்க மாட்டான்.

முக்கோணவியலிலும் இதே கதைதான். 60 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு விளக்குக் கம்பத்தின் உச்சியும் அடியும் முறையே 30°, 60° இறக்கக் கோணத்தில் தெரிகின்றன, கம்பத்தின் உயரம் என்ன? இறக்கக் கோணத்தைக் கிடைக்கோட்டிலிருந்து கீழ்நோக்கிக் குறிக்க வேண்டும். பிள்ளைகள் கோபுரத்தின் செங்குத்துக் கோட்டிலிருந்து குறித்துவிடுகிறார்கள், அங்கேயே கணக்கு கவிழ்ந்துவிடும். சரியாக வரைந்தால் அடி தெரியும் 60°-இலிருந்து இடைவெளி 20√3 மீட்டர், உச்சி தெரியும் 30°-இலிருந்து கம்பத்தின் உச்சி கோபுர உச்சிக்கு 20 மீட்டர் கீழே, ஆகக் கம்பம் 40 மீட்டர். மூன்று வரி. கடினம் முழுக்கப் படத்தில் முடிந்துவிட்டது.

சரி, தொடங்கிவிட்டான், நடுவில் நின்றுவிட்டான். அப்போது என்ன செய்வது? இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் தப்பு நடக்கிறது. இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு கைடின் விடைப் பக்கத்தைத் திருப்புவது, படித்துவிட்டு 'ஓ, இவ்வளவுதானா' என்று அடுத்த கணக்குக்குப் போவது. இப்போதெல்லாம் போட்டோ எடுத்தாலே விடை கொட்டும் ஆப்கள் வேறு. படித்ததும் புரிந்த மாதிரி இருக்கும். அதே கணக்கை ஒரு வாரம் கழித்து வெற்றுத்தாளில் கொடுத்தால் அதே இடத்தில் நிற்பான்.

ஒரு கணக்கில் நின்றுவிட்டால் குறைந்தது கால் மணி நேரமாவது அதோடு மல்லுக்கட்ட வேண்டும். சும்மா முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது மல்லுக்கட்டல் ஆகாது. தன்னையே கேட்டுக்கொள்ள நாலு கேள்வி வேண்டும். தந்த விவரங்களில் நான் இன்னும் பயன்படுத்தாதது எது? எண்கள் பெரிதாக இருந்தால் சின்ன எண்ணை வைத்துப் பார்த்தேனா? கேட்டது கிடைக்க அதற்கு முந்தைய படியில் என்ன தெரிந்திருக்க வேண்டும்? இதே மாதிரி ஏதாவது முன்பு போட்டிருக்கிறேனா, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சின்ன எண் என்பது எவ்வளவு கைகொடுக்கும் என்று பாருங்கள். 3-இன் 100-ஆவது அடுக்கை 7-ஆல் வகுத்தால் மீதி என்ன? 100-ஐப் பார்த்ததும் பயம் வரும். அதை மறந்துவிட்டு 3-இன் அடுக்குகளை ஒன்றிலிருந்து எழுதி, 7-ஆல் வகுத்த மீதியை மட்டும் வரிசையாகக் குறிக்கட்டும். 3-க்கு மீதி 3. 9-க்கு 2. 27-க்கு 6. 81-க்கு 4. 243-க்கு 5. 729-க்கு 1. மீதி 1 வந்ததும் அடுத்தது மறுபடி 3-தான். ஆறுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. 100-இல் 96 வரை முழுச் சுற்றுகள், மிச்சம் 4. நான்காவது இடத்தில் இருப்பது 4. விடை 4. மீதிகளை வைத்துக் கணக்கிடும் மட்டு எண்கணிதப் பகுதியில் ஒரு சூத்திரமும் நினைவில்லாவிட்டாலும் இப்படி உருட்டி எடுத்துவிடலாம். எடுத்த பிறகு புத்தகத்தின் முறையில் அழகாக எழுதிக்கொள்ளலாம்.

கால் மணி நேரம் போராடியும் வரவில்லையா, அப்போது விடையைப் பார்க்கலாம். ஆனால் ஒரு வெள்ளைத்தாளால் மறைத்து முதல் வரியை மட்டும். அது போதவில்லை என்றால் இன்னொரு வரி. எந்த வரி கண்ணைத் திறந்ததோ அங்கே நிறுத்தி, விடையை மூடி, மீதியைத் தானே போட வேண்டும். மூன்று நாள் கழித்து மறுபடி வெற்றுத்தாளில் அதே கணக்கு. வந்தால் டப்பாவிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துவிடலாம், வராவிட்டால் திரும்ப உள்ளே போகட்டும். யூடியூப் வீடியோவும் இப்படித்தான்: கேள்வி திரையில் வந்ததும் நிறுத்தி, தான் போட்டுவிட்டு, அப்புறம் ஓட விட வேண்டும்.

நின்ற இடத்தை ஒரே வரியில் எழுதி வைக்க ஒரு சின்ன நோட்டு போதும். முழு விடையை அதில் காப்பி பண்ண வேண்டாம், அது இன்னொரு கைடாகிவிடும். 'இறக்கக் கோணத்தைச் செங்குத்திலிருந்து குறித்தேன்', 'இடைப்பட்ட என்று இருந்ததைக் கவனிக்காமல் 600-ஐயும் சேர்த்தேன்', 'விட்டம் தந்ததை ஆரமாக எடுத்தேன்' என்கிற மாதிரி. திருப்புதல் தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரி படிக்க இதைவிட நல்ல புத்தகம் கிடையாது.

அடுத்த கட்டம் எனக்கு ரொம்பப் பிடித்தது: தெரிந்த கணக்கைத் திருப்பிப் போட்டுப் புதுக் கணக்கு உண்டாக்குவது. கட்டாய வினா தயாரிப்பவரும் வானத்திலிருந்து புதுக் கணிதம் எதையும் இறக்குவதில்லை. புத்தகக் கணக்கில் ஒரு வார்த்தையை மாற்றுவார், அல்லது இரண்டு அலகுகளை ஒட்டவைப்பார். அந்த வேலையை உங்கள் மகனே செய்து பழகினால் கேள்வியின் உள்ளே என்ன நடக்கிறது என்பது பிடிபடும்.

புத்தகத்தில் இருக்கிற வகைக் கணக்கு ஒன்றை எடுப்போம். 300-க்கும் 600-க்கும் இடைப்பட்ட, 7-ஆல் வகுபடும் இயல் எண்களின் கூடுதல். முதல் எண் 301, கடைசி 595, மொத்தம் 43 எண்கள், கூடுதல் 19264. எல்லோரும் போடுவார்கள். இப்போது ஒரு வார்த்தையை மாற்று: '7-ஆல் வகுத்தால் மீதி 3 வரும்' எண்களின் கூடுதல்? சூத்திரத்தை முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், 304 முதல் 598 வரை. ஆனால் கொஞ்சம் நின்று பார்த்தால், இந்த எண் ஒவ்வொன்றும் முந்தைய எண்ணைவிடச் சரியாக 3 அதிகம், எண்ணிக்கையும் அதே 43. ஆக 19264-உடன் 129 கூட்டினால் போதும்: 19393. இதைப் பார்க்கிற பிள்ளையின் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், அதற்காகவே இந்தக் கணக்கைக் கொடுக்கலாம். இன்னொரு மாற்றம்: '7-ஆலோ 5-ஆலோ வகுபடும்' எண்கள்? 5-ஆல் வகுபடுபவை 305 முதல் 595 வரை 59 எண்கள், கூடுதல் 26550. இரண்டையும் அப்படியே கூட்டினால் 35-ஆல் வகுபடும் எண்கள் இரண்டு தடவை வந்துவிடும். அவை 315 முதல் 595 வரை 9 எண்கள், கூடுதல் 4095. 19264 + 26550 − 4095 = 41719. நிகழ்தகவில் இரண்டு நிகழ்ச்சிகளின் கூட்டல் தேற்றம் படித்திருப்பான், அதே யோசனைதான் இங்கே தொடர்வரிசை வேஷத்தில் வந்திருக்கிறது. அலகுகளை ஒட்டவைப்பது என்றேனே, அது இதுதான்.

அளவியலில் இந்த விளையாட்டு இன்னும் சுவாரசியம். 12 செ.மீ. ஆரமும் 30 செ.மீ. உயரமும் உள்ள உருளைப் பாத்திரத்தில் தண்ணீர் இருக்கிறது, 6 செ.மீ. ஆரமுள்ள இரும்புக் குண்டை முழுவதும் மூழ்கும்படி போட்டால் நீர்மட்டம் எவ்வளவு உயரும்? குண்டின் கன அளவைப் பாத்திரத்தின் அடிப்பரப்பால் வகுத்தால் 2 செ.மீ. இதில் 'முழுவதும் மூழ்கும்படி' என்பதைப் பிள்ளைகள் அலங்காரம் மாதிரி தாண்டிப் போய்விடுகிறார்கள். குண்டின் உயரமே 12 செ.மீ. உயர்ந்த பிறகு மட்டம் 12-ஆவது இருக்க வேண்டும் என்றால் முதலில் குறைந்தது 10 செ.மீ. தண்ணீர் இருந்தாக வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் இந்த 2 என்ற விடை செல்லாது.

இப்போது குண்டை எடுத்துவிட்டு 6 செ.மீ. ஆரம், 20 செ.மீ. உயரம் உள்ள திண்ம இரும்பு உருளையைப் பாத்திரத்தின் அடியில் செங்குத்தாக நிறுத்துவோம். முதலில் இருந்த தண்ணீர் 9 செ.மீ. புது மட்டம் என்ன? பழைய பழக்கத்தில் உருளையின் முழுக் கன அளவை அடிப்பரப்பால் வகுத்தால் 5 வரும், 9 + 5 = 14 என்பான். அப்படியானால் 20 செ.மீ. உயர உருளையில் 6 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே இருக்கும் பகுதி எப்படித் தண்ணீரை உயர்த்தும்? தண்ணீரைப் பார்க்க வேண்டும். தண்ணீர் நிற்க இப்போது இடம் குறைந்துவிட்டது: 144-இலிருந்து 36 போக 108 (பை எல்லா இடத்திலும் அடிபட்டுப் போகும்). 144 × 9 = 108 × புது உயரம், ஆகப் புது மட்டம் 12 செ.மீ. சரி, இதைப் பிடித்துவிட்டான் என்றால் விடாமல் அடுத்ததைக் கேளுங்கள்: முதலில் 16 செ.மீ. தண்ணீர் இருந்தால்? இப்போதுதான் கற்ற சமன்பாட்டைப் போட்டால் 21.33 வருகிறது, ஆனால் உருளையின் உயரமே 20. தண்ணீர் அதன் தலைக்கு மேலே போய்விட்டது, அதனால் முதலில் தவறு என்று தள்ளிய 5 செ.மீ. முறைதான் இங்கே சரி, விடை 21. எந்த இடத்தில் ஒரு முறை செல்லாமல் போய் மற்றது செல்லுபடியாகிறது என்று அவனே தேடட்டும். 15 என்று கண்டுபிடிப்பான், இரண்டு முறைக்கும் அங்கே 20-தான் விடை. இந்த ஒரு கணக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனாலும் பரவாயில்லை. பத்துக் கணக்கு போட்டதற்குச் சமம்.

கைடு பற்றிக் கேட்டீர்கள். 'எதிர்பார்க்கப்படும் கட்டாய வினாக்கள்' என்று தொகுத்து வருபவற்றைக் கேள்விகளுக்காக வாங்கலாம், விடைகளுக்காக வாங்க வேண்டாம். அவற்றை விடையோடு மனப்பாடம் செய்வதால் என்ன லாபம்? மனப்பாடம் ஆன கணக்கு அதே எண்ணோடு வந்தால் உண்டு, வராவிட்டால் பழைய நிலைமைதான். ஆங்கிலம் ஓரளவு படிப்பான் என்றால் மத்தியப் பாடத்திட்டப் புத்தகங்களை வெளியிடும் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு எக்ஸெம்ப்ளர் (கூடுதல் பயிற்சித் தொகுப்பு) கணக்குகள் இணையத்தில் இலவசம். பாடத்திட்டம் அச்சு அசலாக ஒன்றில்லை, ஆனால் தொடர்வரிசை, முக்கோணவியல், அளவியல், ஆயத்தொலை வடிவியல் நான்கிலும் நல்ல சரக்கு இருக்கிறது. இன்னும் ருசி கண்டுவிட்டால் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் திறனறிப் போட்டியின் பழைய தாள்கள் இருக்கின்றன, ஒன்பது பத்து வகுப்புகளுக்கு ஜூனியர் பிரிவு. அது பொதுத்தேர்வைவிட ரொம்ப மேலே, ஆசை இருந்தால் மட்டும்.

பழைய பொதுத்தேர்வுத் தாள்களை அள்ளிக்கொண்டு வரும்போது ஆண்டைப் பாருங்கள். இப்போதைய புத்தகம் 2019-20 கல்வியாண்டில் வந்தது. 2019 மார்ச் வரையிலான தாள்கள் பழைய பாடத்திட்டத்துக்கானவை. 2020, 2021 இரண்டு ஆண்டும் கொரோனாவால் பள்ளி மாணவர்களுக்குத் தேர்வே நடக்கவில்லை. 2022-இல் பாடத்தைக் குறைத்து மே மாதம் நடத்தினார்கள். அதற்கப்புறம் வந்தவைதான் அப்படியே பொருந்தும். எண்ணிக்கை குறைவாக இருக்கிறதே என்று தோன்றினால் துணைத்தேர்வுத் தாள்களையும் அரையாண்டு, திருப்புதல் தேர்வுத் தாள்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றிலிருந்து 28-ஐயும் 42-ஐயும் மட்டும் வெட்டி டப்பாவில் போடலாம். முழுத் தாள்களாகச் சிலவற்றைத் தொடாமல் கடைசி மாதத்துக்கு வைத்திருங்கள்.

நேரக் கணக்கு பெரிதாக ஒன்றும் வேண்டாம். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம் கடினக் கணக்குக்கு. மற்ற நாள்கள் வழக்கமான திருப்புதல், வரைபடம், செய்முறை வடிவியல். வரைபடம், வடிவியல் இரண்டுக்குமான 16 மதிப்பெண்ணில் யோசிக்க அதிகமில்லை, கைப்பழக்கம்தான், கூர்மையான பென்சிலோடு வாரம் ஒரு தடவை போட்டால் போதும். ஜனவரி வரை இப்படிப் போகலாம். திருப்புதல் தேர்வுகள் தொடங்கியதும் புதுக் கடினக் கணக்குகளைக் குறைத்து, மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து முழுத் தாள் எழுதட்டும். தேர்வுக்கு முந்தின வாரம் புதிதாக எதையும் திறக்க வேண்டாம். அப்போது ஒரு கணக்கு வராவிட்டால் அந்த ஒன்றே மனதை அரித்துக்கொண்டிருக்கும்.

உங்களுக்குக் கணக்கு வராது என்றீர்கள், அது ஒரு குறையே இல்லை. சொல்லப்போனால் சில நேரம் வசதி, ஏனென்றால் கணக்குத் தெரிந்த அப்பா அம்மாவால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது, பையன் யோசிக்கும் முன் வழியைச் சொல்லிவிடுவார்கள். அவன் போட்ட கணக்கை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரிக்கும் 'இது எங்கிருந்துப்பா வந்தது?' என்று மட்டும் கேளுங்கள். 'சார் அப்படித்தான் போட்டாங்க' என்று பதில் வந்தால் அந்த வரி இன்னும் அவனுடையது ஆகவில்லை என்று அர்த்தம். விளக்கும்போதே நடுவில் 'இரும்மா, ஒரு நிமிஷம்' என்று திரும்பிப் போய்த் திருத்துவான், பார்த்துக்கொண்டே இருங்கள். மற்றபடி பக்கத்து வீட்டுப் பையன் மதிப்பெண்ணை அந்த முக்கால் மணி நேரத்தில் எடுக்காமல் இருந்தால் போதும்.

தேர்வு அறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் வினாத்தாள் படிக்க 10 நிமிடம் தருகிறார்கள். அதில் 28-ஐயும் 42-ஐயும் ஒருமுறை படித்துவிட்டு அப்படியே விட்டுவிடட்டும். வேறு கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் அது ஓடிக்கொண்டிருக்கும், திரும்பி வரும்போது பல நேரம் வழி கிடைத்திருக்கும். தெரிந்ததெல்லாம் எழுதி முடித்து, 42-க்கென்று இருபது நிமிடமாவது மிச்சம் வைத்து, அதைக் கடைசியில் எடுக்கட்டும். 28 இரண்டு மதிப்பெண்தான், அதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். அதற்குள் வரவில்லை என்றால் 42-ஐ முடித்துவிட்டு வரலாம்.

முழு விடை வராவிட்டாலும் அந்த இடத்தை வெறுமையாக விட வேண்டாம். தந்த விவரம், பெயர் குறித்த படம், பொருத்தமான சூத்திரம், முதல் சமன்பாடு, இவ்வளவும் எழுதினால் படிநிலை மதிப்பெண் கிடைக்க வாய்ப்புண்டு. டப்பாவில் சீட்டு எடுத்து இரண்டு வாரம் அவன் எழுதிப் பழகியதும் இதே நான்கைத்தானே. ஐந்தில் இரண்டு இப்படி வந்தாலும் வரவுதான். அடித்துவிட்டுத் திரும்ப எழுதினால் அடித்ததை ஒரே கோடாக அடிக்கட்டும். நேரம் முடியும் அவசரத்தில் சரியாகப் போட்ட முதல் முயற்சியைக் கிறுக்கி அழித்துவிட்டுத் தப்பான இரண்டாவதை விட்டுவந்த பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள். புது வழி விடை வரை போய்ச் சேர்ந்த பிறகுதான் பழையதை அடிக்க வேண்டும் என்று இப்போதே, வீட்டில் எழுதும் தாள்களிலேயே பழக்கிவிடுங்கள்.